சரிசெய்த பிறகும் கோப்புறை குலைந்திருந்தால்: எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் காரணம் கண்டறியும் வழிகாட்டி

நண்பர் ஒருவர் வீட்டில் மின்தடைக்குப் பிறகு 2 டெராபைட் யுஎஸ்பி வன்தட்டு ஒன்று மவுண்ட் ஆக (கோப்புகளைத் திறக்கும்படி கணினியோடு இணைய) மறுத்தது. எல்லாக் கேள்விகளுக்கும் ‘ஆம்’ என்று தானே பதில் சொல்லிக்கொள்ளும் -ஒய் விருப்பத்தோடு அவர் கோப்பு முறைமையைச் சோதித்துப் பழுதுபார்க்கும் இ2எஃப்எஸ்சிகே கட்டளையை ஓட்டினார். அது ஏதேதோ சொல்லிக்கொண்டே போய், கடைசியில் ‘கிளீன்’ என்று முடிந்தது. தட்டும் மவுண்ட் ஆகிவிட்டது. ஆனால் 412 ஒளிப்படங்கள் இருந்த கோப்புறையில் 306 மட்டுமே மிஞ்சியிருந்தன. இன்னொரு முறை சோதித்தாலும் பிழை ஏதும் இல்லை என்றே பதில் வந்தது.

அந்தப் பதில் பொய்யல்ல. கோப்பு முறைமையின் கணக்குகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன என்பதை மட்டுமே ‘கிளீன்’ என்ற சொல் உறுதிசெய்கிறது. கிழிந்த தாள்களை உருவி எடுத்துவிட்டு, மிஞ்சியவற்றுக்குப் புதிதாகப் பக்க எண் போட்டுத் தைத்த பேரேட்டிலும் பக்க எண்கள் வரிசையாகத்தான் இருக்கும். ஆகவே பழுதுபார்ப்புக்குப் பின் மூன்று கேள்விகளுக்குத் தனித்தனியே விடை தேட வேண்டும்: கட்டமைப்பு உண்மையிலேயே சீராகிவிட்டதா, எது எங்கே போனது, அதைக் கெடுத்த காரணம் இன்னும் உயிரோடு இருக்கிறதா. லினக்ஸில் 2008 முதல் நிலையான பயன்பாட்டில் உள்ள எக்ஸ்ட்4 கோப்பு முறைமையை முன்வைத்து இதை விளக்குகிறேன். கட்டளைப் பெயர்களை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அவற்றை வழக்கமான ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் இட வேண்டும்.

முதலில் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்

தட்டை உடனே அன்மவுண்ட் செய்யுங்கள். ‘எதற்கும் இன்னொரு முறை’ என்று பழுதுபார்ப்பைத் திரும்ப ஓட்டாதீர்கள். கோப்புறைகளைச் சுருக்கி அடுக்கும் -டி (பெரிய எழுத்து) விருப்பத்தை இந்தக் கட்டத்தில் தொடவே கூடாது. காணாமற்போன பெயர்களின் எச்சங்கள் கோப்புறை பிளாக்குகளின் (தட்டின் இடத்தைச் சம அளவில் பிரித்த துண்டுகள்) இடைவெளிகளில்தான் கிடக்கும். அந்த விருப்பம் பதிவுகளை நெருக்கி மறுபடி எழுதும்போது அவை துடைக்கப்பட்டுவிடும்.

அடுத்து, பழுதுபார்ப்பின்போது திரையில் ஓடிய வரிகளைக் காப்பாற்றுங்கள். டெர்மினல் சாளரம் இன்னும் திறந்திருந்தால் மேலே உருட்டி முழுவதையும் ஒரு கோப்பில் ஒட்டி வையுங்கள். கணினி தொடங்கும்போதே பழுதுபார்ப்பு நடந்திருந்தால் ஜர்னல்சிடிஎல் பதிவேட்டில் தேடுங்கள். எந்த ஐநோடு (ஒரு கோப்பின் விவரங்களும் அதன் தரவின் இருப்பிடமும் அடங்கிய எண்ணிட்ட பதிவு), எந்த பிளாக், என்ன பழுது என்ற விவரம் அந்த வரிகளைத் தவிர வேறெங்கும் இல்லை. சூப்பர்பிளாக்கில் (கோப்பு முறைமையின் தலைமைப் பதிவு) கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) குறித்து வைத்திருந்த முதல் பிழையின் நேரம், ஐநோடு எண், பிழைகளின் எண்ணிக்கை ஆகியவற்றைக்கூட, வெற்றிகரமாக முடியும் பழுதுபார்ப்பு அழித்துவிடுகிறது. இனி எப்போதாவது இப்படி நேர்ந்தால், பழுதுபார்ப்பதற்கு முன்பே, சூப்பர்பிளாக்கைக் காட்டும் டம்ப்இ2எஃப்எஸ் -ஹெச் கட்டளையின் வெளியீட்டை வேறொரு தட்டில் சேமித்துவிடுவது நல்லது. ஒரு நிமிடம்கூடப் பிடிக்காது.

வன்பொருளை விலக்கிவிட்டு மேலே செல்லுங்கள்

கோப்பு முறைமையைக் குறை சொல்வதற்கு முன் தட்டையும் கேபிளையும் நினைவகத்தையும் சந்தேகியுங்கள். தட்டு தன் உடல்நிலை பற்றி வைத்திருக்கும் கணக்கைக் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் -ஏ கட்டளை தரும் அட்டவணையில் நான்கு எண்களைப் பார்த்தால் பெரும்பாலும் போதும். 5-ஆம் பண்பு, கெட்டுப்போனதால் மாற்றிடம் ஒதுக்கப்பட்ட செக்டர்களின் (தட்டின் மிகச்சிறு சேமிப்புப் பகுதிகள்) எண்ணிக்கை. 197-ஆம் பண்பு, படிக்க முடியாமல் தீர்ப்புக்காகக் காத்திருக்கும் செக்டர்கள். 198-ஆம் பண்பு, படிக்கவே முடியாதவை எனத் தீர்மானமானவை. இந்த மூன்றில் எது ஏறிக்கொண்டிருந்தாலும் தட்டின் காலம் முடிந்துவருகிறது. 199-ஆம் பண்பு, தரவு கடத்தும்போது நேர்ந்த பிழைகள். அது மட்டும் ஏறினால் தட்டின் பரப்பில் கோளாறு இருக்க வாய்ப்புக் குறைவு. தட்டுக்கும் பலகைக்கும் இடையிலுள்ள கேபிளையோ இணைப்பையோ பாருங்கள். யுஎஸ்பி பெட்டிக்குள் இருக்கும் தட்டாக இருந்தால் -டி சாட் என்று சேர்த்தால்தான் பல பெட்டிகள் இந்த அட்டவணையைத் தரும்.

தட்டு ஓரளவேனும் படிக்கக்கூடிய நிலையில் இருக்கும்போதே டிடிரெஸ்க்யூ கொண்டு முழுத் தட்டையும் படக்கோப்பாக (தட்டின் அச்சுஅசலான நகலைக் கொண்ட ஒரே கோப்பு) நகலெடுங்கள். சாதாரண டிடி கட்டளை முதல் பிழையிலேயே நின்றுவிடும். டிடிரெஸ்க்யூவோ எளிதில் படியும் பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, கெட்ட பகுதிகளுக்குப் பின்னர் திரும்பி வரும், எந்த இடம் படியவில்லை என்பதையும் வரைபடக் கோப்பில் குறித்துவைக்கும். அந்த வரைபடக் கோப்பு நோயறிதலுக்கே உதவும்: பிழை காட்டிய கோப்புறை பிளாக்கின் இருப்பிடமும் படியாத பகுதியும் ஒன்றென்றால் காரணம் தெரிந்துவிட்டது. ஒன்றைத் தவிர, இதற்குப் பிந்தைய சோதனைகள் அனைத்தையும் இந்தப் படக்கோப்பில்தான் செய்ய வேண்டும், முடிந்தால் அதன் இரண்டாவது நகலில்.

ஒரே சோதனையை இரண்டு முறை

படக்கோப்பின் மீது இ2எஃப்எஸ்சிகே -எஃப்என் என்று ஓட்டுங்கள். -எஃப், கோப்பு முறைமை ‘கிளீன்’ என்று குறிக்கப்பட்டிருந்தாலும் முழுச் சோதனையைக் கட்டாயமாக்குகிறது. -என், எதையும் எழுதாமல் எல்லாக் கேள்விகளுக்கும் ‘இல்லை’ என்கிறது. மவுண்ட் ஆகியிருக்கும் தட்டின் மீது இதை ஓட்டினால், இன்னும் ஜர்னலில் (மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பகுதி) நிற்கும் மாற்றங்களெல்லாம் பிழைகளாகத் தெரிந்து உங்களை வீணாகக் கலவரப்படுத்தும். ஜர்னல் மீட்கப்படாமல் நிற்கும் தட்டிலும் இதே கதிதான்.

கட்டளை முடிந்ததும் வெளியேறும் எண்ணைப் பாருங்கள். 0 என்றால் பிழை இல்லை, 1 என்றால் திருத்தப்பட்டன, 2 என்றால் திருத்தியபின் கணினியை மறுதொடக்கம் செய்ய வேண்டும், 4 என்றால் திருத்தப்படாமல் மிச்சம் இருக்கின்றன, 8 என்றால் கட்டளையே இயங்குவதில் தடை. இவை கூட்டியும் வரும். 5 என்று வந்தால் சில திருந்தின, சில திருந்தவில்லை.

இதே சோதனையை, இந்த முறை மூலத் தட்டின் மீதே, அன்மவுண்ட் நிலையில் இரு தடவை ஓட்டுங்கள். இடையில் தட்டைக் கழற்றி மாட்டுவதோ கணினியை அணைத்து எழுப்புவதோ அவசியம், இல்லாவிட்டால் இரண்டாம் தடவை நினைவகத்திலிருந்தே படித்துவிடும். எதுவும் எழுதப்படாத நிலையில் இரண்டு அறிக்கைகளும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். அவை வேறுபட்டால், படிக்கும் வழியில் எங்கோ தரவு மாறுகிறது என்று பொருள்: கேபிள், யுஎஸ்பி பெட்டி, மின்வழங்கி அல்லது ரேம். அப்போது ஓர் இரவு முழுதும் மெம்டெஸ்ட்86+ ஓடட்டும். கெட்ட ரேம் உள்ள கணினியில் பழுதுபார்ப்பு நடத்துவது, கண் தெரியாதவர் கையில் கத்தரிக்கோலைக் கொடுத்துத் தைக்கச் சொல்வதற்குச் சமம்.

பழுதுபார்ப்பு சொன்னதை எந்தக் கட்டம் என்று பிரித்துப் படியுங்கள்

இ2எஃப்எஸ்சிகே ஐந்து கட்டங்களாக வேலை செய்கிறது. முதல் கட்டம் ஐநோடுகளையும் அவை உரிமை கோரும் பிளாக்குகளையும் பார்க்கிறது. இரண்டாவது, கோப்புறைகளின் உள்ளமைப்பை. மூன்றாவது, ஒவ்வொரு கோப்புறையும் வேரோடு (எல்லாவற்றுக்கும் மேலான முதல் கோப்புறை) இணைந்திருக்கிறதா என்பதை. நான்காவது, ஒவ்வொரு ஐநோடையும் எத்தனை பெயர்கள் சுட்டுகின்றன என்னும் இணைப்பு எண்ணிக்கைகளை. ஐந்தாவது, எந்த இடம் காலி என்னும் பிட்மேப் கணக்குகளை. ஐந்தாம் கட்டத்தில் மட்டும் பிழைகள் வந்திருந்தால் நிம்மதியாக இருங்கள். அது கூட்டல் கழித்தல் திருத்தம்தான், ஒரு கோப்பும் போயிருக்காது.

முதல் கட்டத்தில் ஒரே பிளாக்கை இரு ஐநோடுகள் உரிமை கோரியதாக வந்திருந்தால் நிலைமை வேறு. 1பி, 1சி, 1டி என்ற துணைக் கட்டங்கள் ஓடியிருக்கும். இரு கோப்புகளுக்கும் தனித்தனி நகல் கொடுத்திருப்பார்கள், ஆனால் இரண்டில் ஒன்றின் உள்ளடக்கம் மற்றதனுடையதாக இருக்கும். பெயர் சரியாக இருந்தும் திறந்தால் வேறெதோ தெரியும் கோப்புகளுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

நம் வேலைக்கு இரண்டாம் கட்டமே முதன்மையானது. ‘டைரக்டரி கரப்டட், சால்வேஜ்’ (கோப்புறை கெட்டிருக்கிறது, மீட்கவா) என்று வந்த வரிகளை ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள். அதில் ஐநோடு எண், பிளாக் வரிசை, பிளாக்கினுள் எந்த இடம் என்பன உள்ளன. ‘டிலீட்டட் அல்லது அன்யூஸ்ட் ஐநோடு’ என்று வந்திருந்தால், பெயர் இருந்தது, அது சுட்டிய கோப்பு இல்லை. பழுதுபார்ப்பு அந்தப் பதிவின் ஐநோடு எண்ணை 0 ஆக்கிவிட்டது. இங்கே பெயரின் எழுத்துகள் இன்னும் பிளாக்கில் இருக்கலாம், தரவுதான் சந்தேகம். நான்காம் கட்டத்தில் வரும் ‘அன்அட்டாச்டு ஐநோடு’ இதற்கு நேர் எதிர்: தரவு இருக்கிறது, பெயர் இல்லை. இந்த இரண்டு பட்டியல்களையும் அருகருகே வைத்துப் பார்த்தாலே பாதி உண்மை விளங்கிவிடும். நண்பரின் பதிவேட்டில் நான்காம் கட்டத்தில் 106 வரிகள் இருந்தன. காணாமற்போன படங்களும் 106.

கோப்புறையைத் திறந்து கண்ணால் பாருங்கள்

கோப்புறை என்பதும் ஒரு கோப்புதான். அதன் பிளாக்குகளில் பதிவுகள் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒவ்வொரு பதிவிலும் 4 பைட்டில் ஐநோடு எண், 2 பைட்டில் பதிவின் நீளம், 1 பைட்டில் பெயரின் நீளம், 1 பைட்டில் கோப்பு வகை (1 சாதாரணக் கோப்பு, 2 கோப்புறை, 7 குறியிணைப்பு), அதன்பின் 255 பைட் வரை பெயர். பதிவின் நீளம் எப்போதும் 4-இன் மடங்கு. பிளாக்கின் கடைசிப் பதிவு, மிஞ்சிய இடம் முழுவதையும் தன் நீளமாக எடுத்துக்கொள்ளும். ஆகவே ஒரு பிளாக்கிலுள்ள நீளங்களைக் கூட்டினால் பிளாக் அளவு, வழக்கமாக 4096, சரியாக வர வேண்டும்.

கோப்பு முறைமையின் உள்ளமைப்பைக் காட்டும் டிபக்எஃப்எஸ் கருவியைப் படக்கோப்பின் மீது திறங்கள். இயல்பாக அது படிக்க மட்டுமே செய்யும்; -டபிள்யூ கொடுத்தால்தான் எழுதும், கொடுக்காதீர்கள். பிட்மேப்புகளே கெட்டிருந்தால் -சி சேர்த்துத் திறக்கலாம். எல்எஸ் என்று இட்டால் வேர்க் கோப்புறையில் இப்படி வரும்: ஒற்றைப்புள்ளிக்கு (அதே கோப்புறை) ஐநோடு 2, அடைப்பில் பதிவின் நீளம் 12, இரட்டைப்புள்ளிக்கும் (தாய்க் கோப்புறை) ஐநோடு 2, அடைப்பில் 12, லாஸ்ட்+ஃபவுண்டுக்கு (பெயரிழந்த கோப்புகளைப் பழுதுபார்ப்பு சேர்த்துவைக்கும் கோப்புறை) ஐநோடு 11, அடைப்பில் 20. லாஸ்ட்+ஃபவுண்ட் என்பது ஆங்கிலத்தில் 10 எழுத்து. தலைப்பகுதி 8, கூட்டினால் 18, நான்கின் மடங்காக்கினால் 20. அதன்பின் ஒரே ஒரு கோப்பு மட்டும் இருந்தால் அதன் அடைப்பில் 4052 என்று இருக்கும்; 12, 12, 20, 4052 கூட்டினால் 4096. செக்சம் (சரிபார்ப்புத் தொகை) வசதியுள்ள கோப்பு முறைமையில் கடைசி 12 பைட்டுகள் செக்சத்துக்கு ஒதுக்கப்படுவதால் அந்த 4052 என்பது 4040 ஆகியிருக்கும்.

இப்போது சந்தேகத்துக்குரிய கோப்புறைக்குச் சென்று எல்எஸ் -டி என்று சிற்றெழுத்தில் இடுங்கள். நீக்கப்பட்ட பதிவுகளும் கூர் அடைப்புக்குள் தெரியும். சால்வேஜ் செய்யும்போது இ2எஃப்எஸ்சிகே, கெட்ட பதிவை வழக்கமாக முந்தைய பதிவின் நீளத்துக்குள் விழுங்க வைத்துவிடுகிறது, பைட்டுகளைத் துடைப்பதில்லை. எனவே 20 பைட் போதுமான பதிவுக்கு 260 என்று நீளம் காட்டினால், அந்த 240 பைட்டுக்குள் பழைய பெயர்கள் புதைந்திருக்கக்கூடும். பிளாக்ஸ் கட்டளையால் கோப்புறையின் பிளாக் எண்களை அறிந்து, பிளாக்_டம்ப் கட்டளையால் ஒவ்வொன்றையும் பைட் பைட்டாகப் பாருங்கள். தமிழில் பெயரிட்ட கோப்புகள் வலப்பக்க எழுத்து வரிசையில் வெறும் புள்ளிகளாகத்தான் தெரியும், அதைக் கண்டு குப்பை என்று ஒதுக்கிவிட வேண்டாம். யுடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட் எடுக்கும், எல்லாமே பதினாறடிமான எண்ணில் ‘இ0’ என்றே தொடங்கும். மும்மூன்று பைட்டுக்கு ஒரு முறை ‘இ0’ வந்தால் அது தமிழ்ப் பெயர். (255 பைட் வரம்பு தமிழுக்கு 85 குறியீடுகளோடு முடிந்துவிடுவதும் இதனால்தான், புள்ளியும் கால்வாங்கியும் தனித்தனிக் குறியீடுகள்.)

பெரிய கோப்புறைகளில் இன்னொரு அடுக்கு உண்டு. எக்ஸ்ட்4, பெயர்களை ஹாஷ் செய்து (ஒரு சூத்திரத்தால் எண்ணாக மாற்றி), அந்த எண்படி ஹெச்ட்ரீ என்ற மர அமைப்பில் இலை பிளாக்குகளாகப் பிரித்து வைக்கிறது. இந்த மரத்தின் குறியீட்டு பிளாக் மட்டும் கெட்டால் ஒரு பெயரும் போகாது, ஏனெனில் இலைகளை வரிசையாகப் படித்து மரத்தை மீண்டும் கட்டிவிடலாம். இலை பிளாக் கெட்டால் அதிலிருந்த பெயர்கள் போய்விடும். ஆனால் அவை பெயர் வரிசையில் அடுத்தடுத்தவை அல்ல. நண்பரின் கோப்புறையில் 2041 எண்ணுள்ள படம் இருந்தது, 2042 இல்லை, 2043, 2044 இருந்தன, 2045 இல்லை. யாரோ தவறுதலாக அழித்திருந்தால் தொடர்ச்சியாகப் போயிருக்கும். இப்படிச் சலித்தெடுத்ததுபோல் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் போயிருந்தால் அது ஹாஷ் இலையின் இழப்பு. எண்ணிக்கையும் இதற்குப் பொருந்தியது: 12 எழுத்துப் பெயருக்கு 20 பைட் என்றால் ஓர் இலை பிளாக்கில் 204 பெயர்கள் அடங்கும், அண்மையில் இரண்டாகப் பிளந்த இலையில் அதில் ஏறக்குறைய பாதி இருக்கும். 106 என்ற எண்ணைப் பார்த்ததுமே ஒரேயொரு பிளாக், 4096 பைட், அவ்வளவுதான் கெட்டிருக்கிறது என்று ஊகிக்க முடிந்தது. பதிவேட்டில் சால்வேஜ் வரியும் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

ஆனால் பெயர்கள் திரும்பக் கிடைக்கவில்லை. மரம் குலைந்திருந்ததால் இ2எஃப்எஸ்சிகே 3ஏ என்ற துணைக் கட்டத்தில் அந்தக் கோப்புறையைத் தானாகவே மறுபடி அடுக்கிவிட்டிருந்தது. -டி (பெரிய எழுத்து) விருப்பத்தை நாம் கொடுக்காவிட்டாலும் அது இப்படிச் செய்யும். பழுதுபார்ப்பதற்கு முன் படக்கோப்பு எடுத்திருந்தாலோ, -இசட் விருப்பத்தோடு மீள்கோப்பு ஒன்றை எழுத வைத்திருந்தாலோ, பழைய நிலைக்குத் திரும்பிப் பார்த்திருக்கலாம்.

லாஸ்ட்+ஃபவுண்டில் வரிசை இருக்கிறது

அங்கே கோப்புகள் #எண் என்ற பெயரில் கிடக்கும். அந்த எண் ஐநோடு எண்ணே. அதைக் குப்பைக் கூடையாக நினைத்துப் பலரும் அழித்துவிடுகிறார்கள். முதலில் ஃபைல் கட்டளையை அனைத்தின் மீதும் ஓட்டி வகை பிரியுங்கள். கோப்புறைகள் இருந்தால் அவற்றை முதலில் கவனியுங்கள், ஏனெனில் கோப்புறையின் சொந்தப் பெயர் போயிருந்தாலும் உள்ளே இருக்கும் பெயர்கள் அப்படியே இருக்கும். அதன் இரட்டைப்புள்ளிப் பதிவை இ2எஃப்எஸ்சிகே லாஸ்ட்+ஃபவுண்டைச் சுட்டும்படி மாற்றிவிட்டதால் பழைய தாய்க் கோப்புறையை அங்கே தேடிப் பயனில்லை. மூன்றாம் கட்டத்து வரியில் பாருங்கள், புதிய பதிப்புகள் எந்தக் கோப்புறையில் இருந்தது என்பதையும் அங்கே சொல்கின்றன.

தனிக் கோப்புகளுக்கு ஐநோடு எண்ணே துப்பு. எக்ஸ்ட்4 ஒரு கோப்புறையின் கோப்புகளை இயன்றவரை அக்கோப்புறை இருக்கும் பிளாக் குழுவிலேயே வைக்கிறது. ஒரு குழுவுக்கு 8192 ஐநோடு என்றால், ஐநோடு எண்ணிலிருந்து 1 கழித்து 8192-ஆல் வகுத்தால் குழு எண் கிடைக்கும். அடுத்தடுத்த எண்களுள்ள அநாதைக் கோப்புகள் பெரும்பாலும் ஒரே தாய்க் கோப்புறையின் பிள்ளைகள். அதோடு, ஒரே மூச்சில் நகலெடுத்த கோப்புகளுக்கு ஐநோடு எண்கள் ஏறுவரிசையில் கிடைக்கும். கேமராவின் படப் பெயர்களும் ஏறுவரிசைதான். ஆகவே விடுபட்ட பெயர்களை ஒரு பக்கமும், #எண்களை மறுபக்கமும் வரிசைப்படுத்தி ஒன்றுக்கொன்று பொருத்தினோம். படத்தின் உள்ளே பதிந்திருக்கும் எடுத்த நேரத்தோடு ஒத்துப்பார்த்ததில் 103 பொருந்தின. மூன்று மட்டும் இடம் மாறி நின்றன, அவை பிற்பாடு தனியே சேர்க்கப்பட்டவை. நேரத்தை வைத்து அவற்றையும் இடம் சேர்த்தோம்.

மிஞ்சியவை

இணைப்பு எண்ணிக்கையைச் சரிபார்ப்பது எளிது: ஒரு கோப்புறையின் எண்ணிக்கை, அதன் நேரடித் துணைக் கோப்புறைகளோடு 2 கூட்டிய தொகை. 7 என்றால் துணைக் கோப்புறை 5. பிறகு படக்கோப்பைப் படிக்க மட்டும் என்ற நிலையில், ஜர்னலைத் தொடாத நோலோட் விருப்பத்தோடு மவுண்ட் செய்து, ஃபைண்ட் கட்டளையால் எல்லாப் பதிவுகளையும் வலம்வாருங்கள். விவரங்களுக்குப் பதிலாக வரிசையாகக் கேள்விக்குறிகள் தெரியும் கோப்பு, பெயர் இருந்தும் ஐநோடைப் படிக்க முடியாதது. ‘ஸ்ட்ரக்சர் நீட்ஸ் கிளீனிங்’ என்று வந்தால் கட்டமைப்புப் பழுது. ‘இன்புட்/அவுட்புட் எரர்’ என்று வந்தால் பெரும்பாலும் தட்டையே படிக்க முடியவில்லை, கர்னல் பதிவேட்டில் செக்டர் எண்ணைத் தேடுங்கள். பெயரின் வாலில் ~0 ஒட்டியிருந்தால், ஒரே பெயர் இருமுறை வந்ததால் பழுதுபார்ப்பு மாற்றிவைத்தது. பழைய காப்புநகல் இருந்தால் ஆர்சிங்க் கட்டளையை -என்சி விருப்பத்தோடு ஓட்டி உள்ளடக்கத்தையும் ஒப்பிடுங்கள். பெயர் வந்ததும் தரவும் சரி என்று எண்ணிவிடக் கூடாது.

எக்ஸ்எஃப்எஸ் என்ற வேறொரு கோப்பு முறைமை வைத்திருப்பவர்களுக்கு எக்ஸ்எஃப்எஸ்_ரிப்பேர் -என் இதே வேலையைச் செய்யும். விண்டோஸில் செக்டிஸ்க் மீட்டவை ஃபவுண்ட்.000 என்ற மறைந்த கோப்புறையில் இருக்கும். பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமையில் மட்டும் செக் --ரிப்பேரை முதல் மருந்தாகக் கொடுக்காதீர்கள்; முதலில் படிக்க மட்டும் மவுண்ட் செய்து கோப்புகளை வெளியே எடுங்கள்.

திரும்ப வருகிறதா

தட்டை மறுபடி பயன்பாட்டுக்கு விடுவதாக இருந்தால், டியூன்2எஃப்எஸ் -இ ரிமவுண்ட்-ஆர்ஓ என்று அமைத்துவிடுங்கள். பிழை கண்ட கணமே கர்னல் எழுதுவதை நிறுத்திவிடும். பழுதுபார்ப்பு பழைய பிழைக் கணக்கை 0 ஆக்கிவிட்டதால், டம்ப்இ2எஃப்எஸ் -ஹெச் வெளியீட்டில் இனி ஒரு பிழை எண்ணிக்கை தோன்றினால் அது கட்டாயம் புதியது. அதில் முதல் பிழையின் நேரமும் ஐநோடும் இருக்கும். முன்பு கெட்ட அதே பிளாக் என்றால் தட்டின் பரப்பைச் சந்தேகியுங்கள். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடம் என்றால் கேபிள், மின்வழங்கி, ரேம்.

நண்பரின் தட்டில் 5, 197, 198 மூன்றும் 0. ஆனால் பன்னிரண்டாம் நாள் பிழை எண்ணிக்கை 1 ஆனது, வேறொரு கோப்புறையில். கர்னல் பதிவேட்டில் அதே நிமிடத்தில் யுஎஸ்பி இணைப்பு அறுந்து மீண்ட வரி இருந்தது. பெட்டியோடு வந்த மின்வழங்கியைக் கழற்றிவிட்டுத் தட்டை நேரடியாக சாட்டா கேபிளில் மாட்டினோம். அதற்குப் பின் வாரம் ஒருமுறை அந்த எண்ணைப் பார்க்கிறார். அது மேலும் ஏறவில்லை.